கல்லுன்னா நாளைக்கு

திருமுருகன்: அதெல்லாம் வீட்டுல பேசி முடிச்சாச்சு டீச்சர். எம் மகனுக்கு டி.சி.யைக் குடுத்துருங்க, நான் கெளம்புறேன்.

அருணா: மொதல்ல உக்காருங்க திருமுருகன். ஹெச்.எம். நாந்தானே, சீல் என்கிட்டத்தான் இருக்கு. மூணாப்புக் கவியரசனுக்கு இங்க என்ன கொறை?

திருமுருகன்: கொறையா! நேத்து சோறு போட்டா "பஸ், பஸ்"ங்குறான். இந்நேரத்துல எந்த பஸ்ஸுடான்னு நான் வாசலுக்கு ஓடிப் போயிப் பாக்குறேன்...

அருணா: "போதும்"னு சொல்லிருக்கான். இந்தியில.

திருமுருகன்: அதைத்தான் சொல்றேன்! இது ஊராட்சிப் பள்ளிக்கூடமா, ரயில்வே ஸ்டேசனா? பாதிப் பிள்ளைக வடக்கத்திப் பிள்ளைக.

அருணா: பாதியில்ல, பாதிக்கு மேல. அம்புட்டும் கல்லு ஒடைக்கிற கிரஷர்ல வேலை பாக்குறவங்க பிள்ளைக. நம்ம ஊருப் பிள்ளைக எங்கிட்டுப் போச்சுன்னு கேக்க மாட்டீங்களே?

திருமுருகன்: எங்கிட்டுப் போச்சாம்?

அருணா: காலையில மஞ்ச வேனு வந்து அள்ளிக்கிட்டு இலுப்பூரு பிரைவேட் ஸ்கூலுக்குப் போகுது. ஒங்க அண்ணன் மக இலக்கியாவும் அதுலதான் போறா.

திருமுருகன்: அது எங்க அண்ணி முடிவு. அதுல நான் தலையிட முடியுமா?

அருணா: கிரஷர்ப் பிள்ளைக வரலைன்னா இந்தப் பள்ளிக்கூடத்தை எப்பவோ பூட்டிருப்பாங்க. இப்பவும் ஒரு பிள்ளை கொறைஞ்சா ரெண்டாவது டீச்சரை வேற ஊருக்கு மாத்திருவாங்க. அப்பறம் அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்திதான். தெரியுமா?

திருமுருகன்: அதுக்காக எம் புள்ளை படிப்புக் கெடணுமா?

அருணா: கெட்டுச்சா? போன வருசம் "பாட்டி"யைப் "பட்டி"ன்னு வாசிச்ச பய. இப்பத் தமிழ்ல வகுப்புலயே ரெண்டாவது.

திருமுருகன்: ரெண்டாவதா? எம் மகனா? ...அப்ப மொத மார்க்கு யாரு?

அருணா: சோனி குமாரி.

திருமுருகன்: கணக்குலயா?

அருணா: தமிழ்ல.

திருமுருகன்: என்ன டீச்சர் இது! ஜார்க்கண்டுலேருந்து வந்த புள்ளை, இங்க பொறந்த பயலைத் தமிழ்ல முந்துதா? வெளியில சொல்லிறாதீங்க.

அருணா: அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே ஒங்க மகன்தானே. அவன் தமிழ் சொல்லுவான், அவ இந்தி சொல்லுவா. தப்பாச் சொன்னா அவ சிரிச்சுருவாளேன்னு வீட்டுல ஒருக்கா படிச்சுட்டு வருவான். அப்படித்தான் அவனுக்கே எழுத்து மனசுல நின்னுச்சு.

திருமுருகன்: ஓ... அந்தப் புள்ளை நல்லாச் சொல்லிக் குடுக்குமோ?

அருணா: எதை?

திருமுருகன்: சும்மா கேட்டேன். ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தர்னு வைங்க... எம்புட்டு நாளுல பேச்சு வரும்?

அருணா: எந்த ஆளு?

திருமுருகன்: பொதுவா.

அருணா: பொதுவா... சரி, பையனை எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்க?

திருமுருகன்: அது வந்து... பேரு வாய்க்குள்ளயே நிக்கிது.

அருணா: பேரே தெரியாத பள்ளிக்கூடத்துக்கா டி.சி.? ம்... சோனி! இங்கிட்டு வாம்மா.

சோனி: வந்துட்டேன் டீச்சர். அய், கவி அப்பா! வணக்கம் மாமா, சாப்ட்டீங்களா?

திருமுருகன்: என்னாத்தா இது, நம்ம ஊருப் பேச்சு அப்படியே பேசுது!

அருணா: சோனி, மாமாவுக்கு ரெண்டு கேள்வி கேளு. இந்தியில.

திருமுருகன்: எனக்கெதுக்கு டீச்சர்...

சோனி: பானின்னா என்ன மாமா?

திருமுருகன்: தண்ணி. அதெல்லாம் அத்துப்படி.

சோனி: கல்னா?

திருமுருகன்: கல்லுதான், வேறென்ன?

சோனி: இல்ல மாமா, கல்னா நாளைக்கு. நேத்துன்னும் சொல்லலாம்.

திருமுருகன்: நாளைக்கா? அடப்பாவி... நாளைக்கு வாடான்னுதான் சொன்னானா!

அருணா: யாரு?

திருமுருகன்: கத்தார்ல எங்க ஃபோர்மேன், இந்திக்காரன். "கல் ஆனா, கல் ஆனா"ன்னு கத்துனான் டீச்சர். நான் என்னத்தைக் கண்டேன்... பெரிய கல்லாப் பாத்துத் தூக்கிட்டுப் போயி அவன் காலடியில வச்சேன்.

சோனி: ஹிஹி... மாமா!

அருணா: சோனி, பெரியவங்களைப் பாத்துச் சிரிக்கக் கூடாது. நான் சிரிச்சுக்கிறேன், நீ சும்மா இரு.

திருமுருகன்: நல்லாச் சிரிங்க. கேம்ப்பே சிரிச்சுச்சு. "இன்னொண்ணு கொண்டா"ன்னு வேற சைகை காட்டுனாய்ங்க. நானும் போயிக் கொண்டாந்தேன்.

அருணா: அய்யோ...

திருமுருகன்: வெல்டிங்ல என்னை மிஞ்ச அங்க ஆளு கெடையாது. ஆனா அவன் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு செய்ய... திருப்பி அனுப்பிட்டான். ஊருக்குள்ள கான்ட்ராக்ட் முடிஞ்சுச்சுன்னு சொல்லிருக்கேன். சரண்யாவுக்கே தெரியாது.

அருணா: கட்டுன பொண்டாட்டிக்குமா?

திருமுருகன்: எந்த மொகத்தை வச்சுச் சொல்லுவேன்? இப்ப அதே கம்பெனி மறுபடி கூப்புடுது, ஃபோர்மேனும் அதே ஆளுதான். பாசை தெரியாம போனா மறுபடி கல்லுதான். மகன்கிட்டக் கேட்டேன். "எனக்கே பாதிதாம்ப்பா தெரியும், சோனிகிட்டக் கேளு"ங்குறான். மூணாப்புப் புள்ளைகிட்டப் போயி எப்படிக் கேக்குறது...

அருணா: அதுக்கு டி.சி.யா?

திருமுருகன்: உள்ள வர ஒரு சாக்கு வேணாமா?

அருணா: நல்ல சாக்குப் பிடிச்சீங்க! சரி, கேளுங்க. பள்ளிக்கூடம் விட்டதும் இங்க பெரியவங்களுக்கு ஒரு வகுப்பு நடக்குது. கிரஷர்க்காரங்களுக்குத் தமிழ், நம்மாளுகளுக்கு இந்தி. சோனியும் கவியும்தான் வாத்தியாரு. இன்னைக்கே சேந்துக்கங்க.

சோனி: ஹோம்வொர்க் உண்டு மாமா.

திருமுருகன்: சரிங்க டீச்சர்.

அருணா: ஃபீஸும் உண்டு. இலக்கியாவை அந்த வேனுலேருந்து எறக்கி இங்க சேக்கணும்.

திருமுருகன்: எங்க அண்ணி என்னைய உசிரோட விடாது!

அருணா: அம்புட்டுப் பெரிய கல்லைத் தூக்குனவரு, அண்ணியச் சமாளிக்க மாட்டீங்களா?

திருமுருகன்: பேசிப் பாக்குறேன். ஆனா ஒண்ணு, சரண்யா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது.

சோனி: சரண்யா அத்தையா? அவங்கதானே டீச்சர்...

அருணா: சோனி! நீ போயி மணியடி.

திருமுருகன்: அந்தப் புள்ளை என்னமோ சொல்ல வந்துச்சே... என்ன டீச்சர்? ஏன் தலையக் குனியுறீங்க? சொல்லுங்க.

அருணா: சொல்லாதீங்கன்னு சரண்யா என்கிட்டச் சத்தியம் வாங்கிருக்கு... இனிமே என்ன இருக்கு? கத்தார்ல ஒங்ககூட ரூம்ல இருந்தவரு அதுக்குப் போன்ல அம்புட்டையும் சொல்லிட்டாராம். சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறேன்னு சாயந்தரம் கெளம்புதுல்ல, நேரா இங்க வந்து மொத வரிசையில உக்காந்துரும். "எங்க வீட்டுக்காரருக்கு வேலை தெரியும், ஒன் பாசைதான் தெரியாது"ன்னு அந்த ஃபோர்மேனுக்குப் போன் போட்டு இந்தியிலயே சொல்லணுமாம்... பாதி வரி வந்துருச்சு, நீங்க போயிப் பக்கத்துல உக்காருங்க.