மூன்றாவது குழாய்

வலிக்காமல் ஊசி குத்துவதில் எனக்கு நல்ல பெயர். இத்தனைக்கும் நான் ஆராய்ச்சியாளன். ரத்தம் எடுப்பது என் வேலையே இல்லை. நர்ஸ் வராத ஒருநாள் நான் எடுத்தேன். அதன்பிறகு வருகிற பெண்கள் என்னையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லோரும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள். நோய் திரும்பி வரப்போகிறது என்றால், ஸ்கேனில் தெரிவதற்கு வெகு முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் ஏறும் என்பது என் கணிப்பு. ஆறு வருட உழைப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு குழாய் ரத்தம் எடுப்போம், அளவை யாருக்கும் சொல்ல மாட்டோம். தொடர்ந்து மூன்று முறை ஏறினால் மட்டும் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். இடையில் ஒன்று விட்டுப்போனால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இது விதி.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மருத்துவர் உடனே சிகிச்சை கொடுத்து, நோய் வராமலே போய்விட்டால், என் புரதம் சரியாகச் சொன்னதா, வீணாகப் பயமுறுத்தியதா என்று யார் சொல்வது?

டீச்சரை எனக்கு மிகவும் பிடிக்கும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையை நீட்டும்போதே கேட்பார்.

"என்ன தம்பி, பாஸா ஃபெயிலா?"

"பேப்பர் இன்னும் திருத்தலீங்க டீச்சர்."

"நான்லாம் ரெண்டே நாள்ல திருத்திக் குடுத்துடுவேன், தெரியுமா?"

அவருக்கு இரண்டு முறை ஏறியிருந்தது. மூன்றாவது குழாயைச் சோதித்தேன். இரு மடங்கு. பதிவேட்டில் 'ரத்தம் உறைந்துவிட்டது, சோதிக்க இயலவில்லை' என்று எழுதிவிட்டு, குழாயை உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்தேன்.

மறுநாளே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பொண்ணுக்குப் பிரசவம் தம்பி. நாலு மாசம் அவகூட இருக்கலாம்னு பாக்கறேன். உள்ளுக்குள்ள ஏதோ உதறுது. போலாமா?"

சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாராளமா போய்ட்டு வாங்க டீச்சர்."

முதுகுவலியோடு திரும்பினார். எலும்பிலும் ஈரலிலும் பரவியிருந்தது. பதினோரு வாரம் இருந்தார்.

அவர் மகள் கைக்குழந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். "முன்னாடியே தெரிஞ்சிருக்க வழியே இல்லையா சார்?"

"உறுதியா சொல்ற அளவுக்கு எதுவும் இல்லம்மா."

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னது பொய்யல்ல. நிரூபணமாகாத ஒன்றை நம்பி ஆராய்ச்சியாளன் வாய் திறக்கக் கூடாது. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன், அதுவும் பொய்யல்ல.

அடித்தட்டிலிருந்து நீங்கள் எடுத்தவை ஒன்பது குழாய்கள். ஒன்பதையும் நான்தான் மறைத்தேன். ஒன்பது பேருக்கும் நோய் திரும்பியது, ஒருவரும் இப்போது இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது. இனி எத்தனை ஆயிரம் பெண்கள் பிழைப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவளுக்கும் இதே நோய் வந்து குணமானது. அவளை ஆய்வில் சேர்க்கவில்லை. ரத்தத்தை நானே தனியாகச் சோதித்து வந்தேன். டீச்சர் எங்களிடம் வருவதற்கு முந்தைய வருடம், ஒரே ஒருமுறை, லேசாக ஏறியது. அன்று மதியமே அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன்.