ஊசி குத்திய கடைசித் தாள்

ஹலோ... ஹலோ... எக்ஸ்சேஞ்சுங்களா?... ஆமாம்மா, வேலூர் ட்ரங்கால் நான்தான் புக் பண்ணேன், காலையில எட்டரைக்கு... என் பேரு கமலவேணி. பெரிய காஞ்சிபுரம், ஆதிகேசவன் பட்டுக் கடையிலருந்து பேசறேன்... ஆங், சபியா, கலீமுல்லா பாய் சம்சாரம். அவங்க அத்தர் கட... வந்துட்டாங்களா? குடும்மா, குடும்மா.

ஹலோ... சபி?... நான்தான்டீ, கமலவேணி... எந்தக் கமலவேணியா! உனக்கு எத்தினி கமலவேணி இருக்குறாங்க? பக்கத்து வூட்டுக் கமலவேணி. எட்டாங் கிளாஸ் வரிக்கும் உன்கூட ஒரே பெஞ்சில உக்காந்தவ... ஆங், அவளேதான்.

...ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆவலடீ!... இல்ல இல்ல, எங்கப்பா கல்லு மாதிரி இருக்குறாரு. ட்ரங்கால்னா கெட்ட சேதிதான் வரணுமா? மொதல்ல மூச்ச வுடு... மாடியிலருந்து ஓடி வந்தியா? உக்காரு.

சும்மாதான் பண்ணேன்... சும்மாதான்டீ... ஏன், பதினஞ்சு வருஷம் கழிச்சி சும்மா பேசக் கூடாதா? அங்க வெயிலு எப்டி?... ம்... ம்... இங்கயும் அப்டித்தான். கொழந்தைங்க எத்தினி?... நாலா! அடியம்மா... எனக்கு ரெண்டுதான்... ம்... ம்...

இருங்கண்ணே, கேக்கறேன். எடுத்த எடுப்புலயேவா கேப்பாங்க?

...உன்ன இல்ல சபி. இங்க எங்க தறியில நெய்யறவரு, வேலாயுதண்ணே, என் கூடவே வந்து நிக்கறாரு. அவரு மட்டும் இல்ல. எங்க வூட்டு ஆறு தறிக்காரங்களும் இந்தக் கட வாசல்லதான் நிக்கறாங்க. ஆதிகேசவண்ணே வேற, கல்லாவ வுட்டுட்டு வந்து வாயப் பாத்துக்கினு இருக்குறாரு... கூட்டமா? கூட்டம்தான். எல்லாம் உன்னாலதான்.

...சரி, சொல்லிடறேன். சிரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு... போன்லயே பண்ணு.

முகில்மலைக் கோட்டை.

...பாத்தியா, சிரிக்கிறே!

ஆமா, அதே கததான். வாராவாரம் பத்திரிகையில வந்தப்ப நாம அடிச்சிக்கினு படிப்பமே, அதேதான். போன மாசம் வெள்ளயடிக்கப் பரண காலி பண்ணப்ப நான் கத்திரிச்சிச் சேத்து வெச்ச பைண்டிங் கெடச்சிது. ரெண்டு பக்கம் பாக்கலாம்னு பிரிச்சேன். அவ்ளோதான், அடுப்புல கொழம்பு தீஞ்சி போச்சி. அந்தப் பறக்குற படகு, பொகையாப் போயிடற ராஜகுமாரி, ஏழு கதவு... எனக்கு மறுபடியும் பதினெட்டு வயசு ஆயிடிச்சிடீ, சத்தியமா. பவளநங்கை காட்டுல தனியா அழுவறாளே, அங்க நீயும் நானும் அழுதமே, அதே எடத்துல நான் இப்பவும் அழுதேன். வூட்டுக்காரரு பயந்துட்டாரு.

அப்புறம் தறிக்காரங்களுக்குப் படிச்சிக் காட்டலாம்னு ஆரம்பிச்சேன். மத்தியானம் சாப்புட்டு வெத்தல போடுவாங்க இல்ல, அந்த அரமணி நேரம். நாலாம் நாளு பக்கத்துத் தெரு தறிக்காரங்களும் தூக்குச் சட்டிய எடுத்துக்கினு வந்துட்டாங்க. நேத்து முந்தாநேத்து... இல்ல, திங்கக்கெழம, கடைசி வாரம் வந்தேன். பவளநங்கை வெளக்க எடுத்துக்கினு ஏழாவது கதவுகிட்ட வந்துட்டா. இளவரசன் உள்ள கல்லு யானையா நிக்கறான். 'கதவு திறந்தது'ன்னு வருது. திருப்பறேன்... அட்ட! பைண்டர் ஒட்டின பூப்போட்ட காயிதம்!

...ஆமாடீ, படிக்கற ஜோருல எனக்கே மறந்து போச்சி. அந்தத் தாளுதான். உன்கிட்ட இருக்குற தாளு.

...சண்டைக்கு வரலடீ, கேளேன். அன்னைக்கு யாரு மேல தப்புன்னு பேச வரல... ஆனா நீயும்தான் என்ன பண்ணே? பைண்டிங்குக்குன்னு நான் கத்திரிச்சி வெச்ச தாளு. பின்பக்கம் எம்ப்ராய்டரி பூ போட்டிருந்தான்னு, அத உங்கக்கா நிக்கா தலகாணி ஒறை மேல வெச்சி, கோடு கோடா ஊசியால குத்தி, கரித்தூள வேற தேச்சி, பூவத் துணியில எறக்கி... ஆமா, ரோசாப்பூதான், நல்ல பூதான், இல்லேங்கல... ம்... ம்... ஆமா, நானும் கத்தினேன். தாள உன் மூஞ்சில வுட்டெறிஞ்சேன். ஞாபகம் இருக்குது.

...இல்ல. படிக்கல.

...படிக்கலன்னா படிக்கலதான். பொத்த காயிதத்த நான் படிக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல? அதோட சரி. அந்தப் பத்திரிகையே வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டேன். எவளாவது அந்தக் கதயப் பத்தி வாயத் தொறந்தா, காத மூடிக்கினு எழுந்து போயிடுவேன், முடிவச் சொல்லிடப் போறாளேன்னு. கோவம் உன் மேலதாண்டீ, கத மேல இல்லியே.

...சிரி, சிரி. உனக்கு சிரிப்பு. இங்க என் மானம் போவுது! முடிவு எனக்குத் தெரியும், நாளைக்கிச் சொல்றேன்னு வாய வுட்டுட்டேன். செவ்வாக்கெழம நானே ஒண்ணு கட்டி வுட்டேன். இளவரசன் மனுசனா மாறி பவளநங்கைய ரெண்டு கையாலயும் தூக்கினான்னு. ஒடனே இந்த வேலாயுதண்ணே, 'அம்மா, வலது கையத்தான் எட்டாவது வாரமே சூனியக்காரிகிட்ட குடுத்துட்டானே, எப்டித் தூக்குவான்?'ங்கறாரு. எல்லாரும் என்னப் பாக்கறாங்க... நெய்யறவங்ககிட்ட பொய் சொல்ல முடியுமா? எழ எழயா எண்றவங்க... ஆமா... மாட்டிக்கினேன்.

அதுலருந்து வேலையே ஓடல. கல்யாணப் பொடவ, முந்தானையில இருக்குது, இவரு யோசன பண்ணிக்கினே ஒரு வரிச தப்பாப் போட்டு, அவுத்து மறுபடி போட்டுக்கினு இருக்குறாரு. என் வூட்டுக்காரரே சொல்லிட்டாரு, போயி சபியாவக் கேளுன்னு.

அதான் கேக்கறேன். அந்தத் தாளு... இருக்குதா?... இருக்குதா! எங்க?... தையப் பொட்டியிலயா? இத்தினி வருஷமாவா? போ போ, ஓடு, எடுத்துக்கினு வா. நான் புடிச்சிக்கினு இருக்கேன்.

...இருக்குதாம்ணே! வெச்சிருக்காளாம்! ஆதிகேசவண்ணே, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க, காதுல வுழல. யாரும் இருமக் கூடாது, சொல்லிட்டேன்.

ஹலோ... என்னது, மூணு நிமிஷமா? அதுக்குள்ளயா!... எக்ஸ்டென்ஷன் குடும்மா. இன்னும் ரெண்டு தடவ குடு. கட் பண்ணிடாத, உனக்குப் புண்ணியமா போவும்.

ஹலோ, சபி?... வந்துட்டியா. படி... வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிக்கோ... ம்... ம்... 'பவளநங்கை உள்ளே கால் வைத்தாள்.' காலு வெச்சாளாம்ணே... ம்... 'கல் யானையின் நெற்றியில் தன்...' தன்?... பொத்தலா? என்ன எழுத்து தெரியிது?... 'க' இருக்குதா... கை? கையா?... அப்ப 'கையை வைத்தாள்'தான். மேல படி... ம்... யானை கண்ணத் தொறந்துதா! தொறந்துச்சாம்! சத்தம் போடாதீங்கண்ணே, கேக்க வேணாமா?... ம்... பேசிச்சா? என்ன பேசிச்சி?

...

இல்ல, கேக்குது. லைன்ல இருக்கேன்... இன்னொரு தரம் படி.

'இத்தனை நாள் ஏன் வரவில்லை?'

...ஒண்ணும் இல்லடீ. அழுவல. சளி... சபி, இரு, கொஞ்சம் படிக்காத. தப்பு என் மேலதான். ஒரு தாளுக்காவ உன் நிக்காவுக்கு நான் வரல. பக்கத்து வூட்டுலதான் பந்தல் போட்டாங்க, சன்னல சாத்திக்கினு உக்காந்திருந்தேன். பிரியாணி வாசன வந்துது, அதுக்கும் அழுதேன். நீ வண்டி ஏறப்ப சன்னலயே பாத்தியாமே, எங்கம்மா சொன்னாங்க... ம்... ம்... நீயும் அழுவாத, கடையில பாய் என்ன நெனச்சிக்குவாரு... சரி. சரி. படி.

...ம்... 'கல் உதிர்ந்தது.' இளவரசன் வந்துட்டானா? கை?... கை இல்லாமதான் வந்தான்! வேலாயுதண்ணே, நீங்க சொன்னதுதான் சரி, கை வரல! வுழுந்து கும்புடறேன் உங்களுக்கு... ம், அப்புறம்?... கோட்ட ஆடுதா... சூனியக்காரி சிரிச்சாளா? அவதான் செத்துட்டாளே!... சாவலயா?... படி படி... 'கையை மீட்க வேண்டுமானால் ஏழு கடல் தாண்டி வா.' அப்புறம்?... அதான் கடைசி வரியா? என்னடீ இது, இப்டியா முடிப்பான்? இதுக்கா பதினஞ்சு வருஷம்... கீழ என்ன? கீழ சின்ன எழுத்துல என்ன?

...என்னது?

...திருப்பிப் படி.

'முதல் பாகம் முற்றிற்று.' மொத பாகமா? மொத பாகம்னா... ரெண்டாம் பாகம் வந்துதா?... அடுத்த வாரத்துலருந்தேவா?... எத்தினி வாரம்?... எண்பத்தாறு! எண்பத்தாறு வாரமா? அடிப்பாவி! எண்பத்தாறு வாரம் அந்தக் கத இந்த ஊருல வந்துக்கினு இருந்துது, நான் காத மூடிக்கினு உக்காந்திருந்தேனா!

ஏய், சிரிக்காதடீ... சிரிக்காத, எனக்கும் வருது... ஐயோ, வயிறு வலிக்குது... அண்ணே, இன்னும் எண்பத்தாறு வாரம் இருக்குதாம்ணே! கத முடியவே இல்லியாம்!... பாரு, ஆதிகேசவண்ணே கைதட்றாரு.

நீ சேத்து வெச்சிருக்கியா?... எல்லாமேவா?... பைண்டு பண்ணி... ரெண்டு புஸ்தகமாவா! சபி, நீ நல்லா இருப்பே... பார்சல்லாம் வேணாம். நீ எடுத்துக்கினு வா. புள்ளங்களயும் இட்டுக்கினு வா. மத்தியானத்துல நீ ஒரு அத்தியாயம் படி, நான் ஒரு அத்தியாயம் படிக்கறேன்... லீவு எப்ப ஆரம்பிக்குது?... வெள்ளிக்கெழமயா? அப்ப வெள்ளிக்கெழம மொத பஸ்ஸு... பாய்கிட்ட குடு, நான் கேக்கறேன்... சரின்னுட்டாரா? அங்கயே நிக்கறாரா!

...ம்... ம்... ஆமா, எனக்கும்தான்டீ. ரொம்ப.

...என்ன? வேணாம். வேணாம்டீ... அவன் கை கெடச்சிதா இல்லியான்னு நான் கேக்கல... சபி, சொல்லாத... ஏழு கடலுக்கு அப்பால என்ன இருந்தா எனக்கென்ன, வாய மூடு!... அடிக்கிறேன் பாரு, நெசமா சொல்லிடுவா போலிருக்குதே...

ஹலோ, எக்ஸ்சேஞ்சா? வந்துட்டியாம்மா... இல்ல, எக்ஸ்டென்ஷன் வேணாம், கட் பண்ணிடு... ஆமாம்மா, நல்லா யோசிச்சித்தான் சொல்றேன். சீக்கிரம் கட் பண்ணும்மா, அவ முடிவச் சொல்...