எலிக்குட்டியும் பாப்பாவும்

பாசிர் கூடாங்குக்குக் காலையில் போகும் தொழிற்சாலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரே சீருடையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எலி தன் குட்டிய நல்லா நக்கி வளத்தா, அது பெருசானப்புறம் சும்மா சும்மா பயப்படாதாம்க்கா."

"அலமாக்! காலங்காத்தால எலி கதையா?"

"டாக்டர் சொன்னாங்க. நாங்க தத்தெடுக்கிற வரைக்கும் பாப்பாவ தூக்கிக் கொஞ்ச ஆளில்ல. இப்பவும் மோட்டார் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுறா. அதான் கேட்டேன்."

"பெத்தவ குணமா இருக்கும் லா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா நக்காத தாயோட குட்டிய, பொறந்ததுமே நக்குற தாய்கிட்ட விட்டா, அதுவும் தைரியமா வளருதாம்."

"இவளுக்குத்தான் மூணு வயசு ஆகப் போவுதே?"

"அதையும் கேட்டேன். பயம் மெதுவாத்தான் தெளியும், விடாம அணைச்சிக்கிட்டே இருங்கன்னாங்க."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ என்ன செய்யிற?"

"வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னால மடியில வெச்சி மெதுவா தலை வாருவேன். இன்னிக்கு அவளே சீப்ப வாங்கி எனக்கு வாரிவிட்டா."

"அதான் வகிடு கோணலா இருக்கா?"

"ஆமாக்கா," என்றாள் இளையவள். "கலைக்க மனசு வரல."