நீலச் சட்டைக்காரி

— அந்தத் தையல் மெஷினை நிறுத்துங்க மெக்கானிக் சார். நீலச் சட்டை போட்டவ யாரு?

— எந்த நீலச் சட்டை? முதல்ல உட்காரு. இரு, ஸ்டூல்ல எண்ணெய் சிந்தியிருக்கு, துடைச்சுத் தர்றேன்.

— உட்கார வரலை. போன ஞாயிறு ஃபோன்ல என்ன சொன்னீங்க? "கண்ணை மூடினா நீதான் வந்து நிக்கிற"ன்னு சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்...

— என்ன கலர் டிரெஸ்ல நிக்கிறேன்னு கேட்டேன்.

— ஏதோ சொன்ன ஞாபகம்.

— ஏதோ இல்ல. நீலச் சட்டைன்னீங்க. பீரோவையே கொட்டிக் கவுத்துப் பார்த்துட்டேன். என்கிட்ட நீலத்துல ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

— கலர் தப்பாயிருக்கும். அதுக்கா தபால் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி வந்த?

— ரெண்டு மாசத்துல கல்யாணம். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். கண்ணுக்குள்ள வேற ஒருத்தியை வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து...

— அய்யோ, ஒருத்தியும் இல்ல.

— சத்தியமா?

— சத்தியமா. ஒருத்தியும் இல்ல. நீகூட இல்ல.

— அப்போ நான் கிளம்புறேன்.

— இரு, பையை எடுக்காத. நான் சொல்ல வந்தது வேற, வாயில வந்தது வேற.

— நானும் இல்லையா... ரொம்ப நல்லது. அப்போ நாலு மாசமா தினமும் பேசின பேச்செல்லாம்?

— அதெல்லாம் நிஜம். கண்ணை மூடினா எனக்கு எதுவுமே வராது, அதைத்தான் சொல்றேன். நீ, எங்க அக்கா, இந்தக் கடை... எதுவும். கறுப்பா இருக்கும், அவ்வளவுதான்.

— யார்கிட்ட கதை விடுறீங்க?

— கதை இல்லம்மா. "கண்ணு முன்னாடியே நிக்குது"ன்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல? அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு நினைச்சிட்டிருந்தேன். தலை வெடிக்குதுன்னா நிஜமாவா வெடிக்குது? அந்த மாதிரி. கல்யாணம் பண்ணிக்கப் போறவகிட்ட இப்படிச் சொல்றது வழக்கம் போலன்னு நானும் சொல்லி வச்சேன்.

— மரியாதைக்கு?

— மரியாதைக்குன்னு... அன்புக்குன்னு வச்சுக்கோயேன். நீ கலர் கேட்டப்பதான் எனக்கே பக்குன்னு ஆச்சு. இதுல கலரெல்லாம்கூட வருமான்னு. கையில நீல நூல்கண்டு இருந்துச்சு. அதைப் பார்த்துச் சொல்லிட்டேன்.

— நூல்கண்டா?

— நூல்கண்டு. இதோ, இதுதான் உன் நீலச் சட்டைக்காரி. கூட்டிட்டுப் போய் உங்க அம்மாகிட்ட வேணா காட்டு.

— சிரிப்பு வருது. ஆனா சிரிக்க மாட்டேன். உங்க அக்கா மூக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

— கொஞ்சம் கூர்மையா இருக்கும்.

— பார்த்தீங்களா? தெரியுதே.

— கூர்மைன்னு தெரியும். மூக்கு தெரியாது.

— அப்போ உள்ள என்னதான் இருக்கு உங்களுக்கு?

— பேச்சு. எந்திரிச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் ஒருத்தன் உள்ள உட்கார்ந்து தொணதொணன்னு பேசிட்டே இருப்பான். பெல்ட்டை இறுக்கு, ஊசியை மாத்து, மெஷின் குடுத்தவர் வர்ற நேரமாச்சு... உனக்கு இல்லையா?

— எனக்குள்ள யாரு வந்து பேசப்போறா?

— நீயேதான், உன் குரல்லயே.

— அப்படி யாரும் பேசினதில்லையே.

— விளையாடாத. அப்புறம் எப்படித்தான் யோசிப்ப?

— படமா வரும். பார்சலைக் கையில வாங்கினதுமே அலமாரியில எந்த மூலைன்னு தெரிஞ்சிடும், போய் வச்சிடுவேன். வார்த்தையெல்லாம் வாயைத் திறந்தப்புறம்தான்.

— அதனாலதான் "என்ன யோசிக்கிற"ன்னு எப்ப கேட்டாலும் "ஒண்ணுமில்ல"ங்கிறியா?

— வேற என்ன சொல்றது? படத்தை எப்படிங்க ஃபோன்ல காட்டுவேன்?

— அடிப்பாவி. உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சு அக்காகிட்டப் போய்ப் புலம்பியிருக்கேன்.

— என்ன சொன்னாங்க?

— அவளுக்கு வாய் ஓடினாத்தான் மூளை ஓடும். ஒரு மணி நேரம் பேசிட்டு, "நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே இப்பதான்டா புரியுது"ன்னா. அது என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.

— என் தம்பி அதுக்கு மேல. பஸ்ல என்கூட வந்தா பேசவே மாட்டான். முன்னாடி போற வண்டி நம்பரையெல்லாம் கூட்டிக்கிட்டிருப்பான்.

— நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளயே இத்தனை தினுசா... சிரிச்சிட்ட பாரு.

— ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்.

— கேளு.

— இங்கேர்ந்து நான் கிளம்பிப் போயிட்டா, என் முகம் உங்ககிட்ட இருக்காதா?

— இருக்காது.

— கொஞ்சம்கூட? கண்ணு, கன்னம், தாடை...

— இல்லம்மா. மன்னிச்சுக்கோ. அழாத.

— இது அந்தக் கண்ணீர் இல்ல. இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— என் முகம் உங்ககிட்ட இல்லேன்னு.

— இல்ல. ஏன்... என்னாச்சு உனக்கு?

— இடது தாடையில ஒரு கட்டி. அடுத்த வெள்ளி ஆபரேஷன். எலும்பையும் கொஞ்சம் எடுக்கணுமாம். உயிருக்குப் பயமில்ல, ஆனா முகம் இதே மாதிரி இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. என் முகத்தை எவ்வளவு தூரம் மனசுல வச்சிருக்கீங்கன்னு பார்க்கத்தான் அன்னிக்குக் கலர் கேட்டேன். நீலம்னதும்... நிஜமாவே அப்படி ஒருத்தி இருந்தாத் தேவலைன்னு நினைச்சேன். அவளைச் சாக்கா வச்சு நானே ஒதுங்கிக்கலாம்னுதான் வந்தேன். இப்பச் சொல்லுங்க. உள்ள இருக்கறவன் என்ன சொல்றான்?

— அவனுக்கு ஒரு மாசமா இதே பேச்சுதான். கடைக்கு வர்ற அத்தனை பேரும் மழையை மளைன்னுதான் சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் சுத்தமா மழைன்னு சொல்லுவ. போன மாசத்துலேர்ந்து உனக்கும் மளை ஆயிடுச்சு. வாய்க்குள்ள ஏதோ சரியில்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை நான் எத்தனை மணிக்கு வரணும்?