செல்வி எழுதிய வரி

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றது. முன் சீட்டில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு இருவர்.

"புரோகிராம்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தொடணும்னு போடுற பூட்டக் கையில வச்சுக்கிட்டே மெமரி கேட்டுட்டேண்ணே," என்றான் இளையவன். "மெமரி இல்ல. இடம் பண்றதுக்காக, கேஷ் மெமரியில சேந்து கிடக்குற பழைய ஃபைல் விவரத்தக் காலி பண்ண சிஸ்டம் போச்சு. அதுக்கும் அதே பூட்டு வேணும். ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு சர்வரே நின்னுபோச்சு."

"பூட்டு கிடைக்கலைன்னா நிக்காம அடுத்ததுக்குப் போன்னு செல்வி புரோகிராம்ல ஒரு வரி எழுதிருந்துச்சே?"

"வேண்டாத வரின்னு நான்தான் தூக்குனேன். அது மறந்துபோய், செல்வி மேல தப்புன்னு ரிப்போர்ட் எழுதிட்டேன்."

"அதுலதான அந்தப் பிள்ளைய வேலைய விட்டு அனுப்புனாங்க!"

"தூக்குனது நான்தான்னு நேத்துத்தான் தெரிஞ்சுச்சு. போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன்."

"திட்டுச்சா?"

"இல்லண்ணே. அந்த வரியத் திரும்பப் போட்டியான்னு மட்டும் கேட்டுச்சு."