கெட்டி ஆயில்

அட, அந்தக் காகிதத்த மொதல்ல உள்ள வைங்க தலைவரே. யோகராஜோட வாடகைக் கார் இனிமே தோட்டத்துக்குள்ள வரக்கூடாதுன்னு நான் கையெழுத்து வைக்கணுமா? மாட்டேன். அவென் குடிச்சிருந்தானாம்! றக்வான ஏத்தத்துல வேணும்னே நிப்பாட்டினானாம்! யாரு பாத்தது? நீங்க பாத்தீங்களா?

தெரியுங்க. கலைச்செல்வி என் கூடப் பொறந்தவ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, அந்த ஏத்தத்து வளைவுல, கார்லயே புள்ள பொறந்து, அழாமயே போச்சு. அத எனக்கு நீங்க சொல்லித் தரணுமா?

இங்க வாங்க, அவென் காரு என் கராஜுலதான் பொனட் தெறந்து கெடக்கு. இது பழைய லொறி இல்லீங்க. வேகத்துக்கும் ஏத்தத்துக்கும் தக்கன வால்வு தெறக்கிற நேரத்த இஞ்சினே மாத்திக்கும். எதால மாத்துது? ஆயிலால. இந்தக் குட்டி வால்வு வழியா ஆயில் ஓடணும். ரத்னபுரியில மெசின் வச்சுப் பாத்த மெக்கானிக் மாத்தையா சென்சர மாத்தச் சொன்னாரு. மண்ணாங்கட்டி! நான் இஞ்சின ஓடவிட்டு, பேட்டரியில இருந்து நேரா இதுக்குக் கரண்ட் குடுத்தேன். நல்லா இருந்தா அப்பவே குலுங்கி நின்னுடணும். ஒரு அசைவும் இல்ல. கழட்டினா, இந்தா பாருங்க, நகத்தளவு வலை, கறுப்பா அடைச்சுக் கெடக்கு. சமதரையில ஓடும். ஏத்தத்துல உசிரு இருக்காது. அவென் என்னா பண்ணுவான்? எறங்கித் தள்ளியிருக்கான், கை பூரா காயம். அவனப் போயி லயத்து வீட்டுப் பக்கமே வராதேன்னு வெரட்டினீங்களே!

கத்தாமப் பேசவா? எப்பிடிங்க?

தண்ணி மாதிரி ஆயில்தான் இதுக்கு ஊத்தணும். புத்தகத்துலயே போட்டிருக்கு. நம்ம ஆளுங்களுக்கு கஞ்சின்னாலும் கெட்டியா வேணும், ஆயில்னாலும் கெட்டியா வேணும். மலைக்கு லொறி ஆயில்தான் தெம்புன்னு ரெண்டு தடவ ஊத்தியிருக்கு. யோகராஜ் கேட்டிருக்கான், இது சரி வருமாண்ணேன்னு. வாயப் பொத்திக்கிட்டு ஓட்டுடான்னு பதிலு.

யாரு ஊத்துனதா? ஆமா, அந்தப் பேரத்தான் எழுதணும். அந்தக் காகிதத்த எடுங்க. யோகராஜ் பேர வெட்டுங்க. ஞாயித்துக்கெழம புள்ளைங்கள பாத்துக்கிற பிள்ளக்காம்பராவுல கூட்டம் போட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க. அவன நானே கூட்டிக்கிட்டு வாரேன்.

எழுதுங்க. உதயராஜ். பெல்மதுளை சந்தி, உதயா பாஸ் கராஜ்.

என்னா பாக்குறீங்க? என் பேருதான், எழுத்து சரிதானே?

தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல. குடுங்க, இப்ப கையெழுத்து வைக்கிறேன்.