மூன்று பெயர்களில் ஒரு கோப்பு: ஷாநவாஸ் அண்ணனுக்கு

மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஷாநவாஸ் அண்ணனின் மனைவி சாயிரா பானு அக்கா அவர்களே, கடையடைத்துவிட்டு வந்திருக்கும் பழங்காநத்தத்து வியாபாரிகளே, சமயநல்லூரிலிருந்து வந்திருக்கும் சின்னத்தாய் அம்மா அவர்களே, வணக்கம். நான் தாமரைச்செல்வி. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால், எங்கள் ஆவணக் காப்பு மையத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஷாநவாஸ் அண்ணன் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த அறையில் இருந்தவள் நான்தான்.

தாக்கப்பட்டவர்கள் கொண்டுவரும் வீடியோக்களைப் பாதுகாப்பதே எங்கள் வேலை. ஒவ்வொன்றையும் ஊர், தேதி, ஆள் என்று மூன்று பெயர்களில் வைப்போம். கோப்பு ஒன்றுதான், ஹார்டு லிங்க் போட்டுப் பெயர்களை மட்டும் கூட்டுவோம். ஒரு பெயரை அழித்தாலும் மற்றப் பெயர்களில் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் திருமங்கலத்தில் உள்ள எங்கள் இன்னொரு சர்வருக்கு அனுப்பும் சிங்க் மென்பொருள், ஒரே கோப்பை மூன்று முறை அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் ஏற்றியது மாலைவரை போய்ச் சேராது.

அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்மா செல்வி, ஒரே மாப்ளைக்கு மூணு பேரு இருக்குன்னு பந்தியில மூணு எலையா போடுவாய்ங்க? இந்தக் கூறுகெட்ட புரோகிராமு போடுதே!"

அதை அவரே மாற்றி எழுதினார். ஏற்கெனவே அனுப்பிய கோப்பு என்றால், அங்கே பெயரை மட்டும் சேர்க்கும்படி செய்தார். அனுப்பும் நேரம் மூன்றில் ஒரு பங்கானது. எத்தனை பெரிய வேலை அது!

கண்மாய் மண்ணை அள்ளிய லாரியை மறித்ததற்காகச் சுருளி அண்ணனை நடுரோட்டில் வெட்டிச் சாய்த்தார்கள். அவர் மனைவி சின்னத்தாய் அம்மா அதைச் செல்போனில் படம் பிடித்தார். மறுநாள் காலையில் எங்களிடம் கொடுத்தார். மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்த லாரிக்காரர்களின் ஆட்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள். என்னை மேசைக்கடியில் தள்ளிவிட்டு அண்ணன் எழுந்து நின்றார்.

"சுருளி வீடியோவ அழிடா!"

"அழிக்கிறேண்ணே. கைய விட்டாத்தான மவுசப் பிடிக்க முடியும்?"

முதல் அடியில் அவர் பல் தெறித்து என் பக்கத்தில் விழுந்தது. வாயில் ரத்தம் ஒழுக, தேதி போட்ட பெயரை மட்டும் அழித்தார். "இம்புட்டுதானா?" என்று ஒருவன் சிரித்தான். பிறகு சர்வரைக் கம்பியால் நொறுக்கினார்கள். பிறகு அண்ணனை வெட்டினார்கள். தலையில், கழுத்தில், தடுத்த கையில். அவர் ரத்தம் மேசைக்கடியில் என் துணியை நனைத்தது.

குடும்பத்தார் முன்னால் இதைச் சொல்லலாமா? சாயிரா அக்காவிடமே கேட்டேன். "ஒண்ணையும் மறைக்காதம்மா. எம்புட்டு வெட்டுன்னு ஊரே கேக்கட்டும்" என்றார்.

வந்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த வீடியோ மதியத்துக்கு முன்பே திருமங்கலம் போய்விட்டது! அண்ணன் அழித்த தகவலும் அங்கே போய்ச் சேர்ந்து, தேதி போட்ட பெயர் மட்டும் மறைந்திருந்தது. மற்ற இரண்டு பெயர்களில் வீடியோ முழுதாக இருந்தது. பழைய சிங்க் என்றால் பாதியிலேயே நின்றிருக்கும். இன்று அது நீதிமன்றத்தில் இருக்கிறது. சுருளி அண்ணன் கொலைக்குச் சாட்சி உண்டு.

ஷாநவாஸ் அண்ணன் கொலைக்கு என்ன உண்டு? எங்கள் அறையில் கேமரா இல்லை. நான் மட்டுமே இருக்கிறேன். நேற்று பைக்கில் வந்த ஒருவன் என் அப்பாவிடம், "பொம்பளப் பிள்ளய வீட்டோட வச்சுக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா என்னிடம் வந்து, "இம்புட்டுப் படிக்க வச்சது வாயப் பொத்தவா? போயிச் சொல்லு" என்றார்.

நாளை மையம் திறக்கும். அண்ணன் எழுதிய சிங்க் புதிய சர்வரில் ஓடும். அவருடைய வேலையை நான் செய்வேன். நீதிமன்றத்திலும் சாட்சி சொல்வேன். அதுவரை காத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை. முதல் வெட்டு வெட்டியவன் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் அவனைக் கூப்பிட்டதும் காதில் விழுந்தது. இந்த மண்டபத்தில் உள்ள எல்லோரும் கேளுங்கள்.

அவன் பெயர் பேயாண்டி.